40 வருடம் கிடந்த கணினிக்கு முதலில் கரண்ட் கொடுக்காதீர்கள்

பரணிலிருந்து இறக்கிய பழைய வீட்டுக் கணினியைத் துடைத்து மேசையில் வைத்ததும் பிளக்கைச் சொருகி சுவிட்சைத் தட்டத்தான் கை போகும். இத்தனை காலம் பத்திரமாக இருந்த சில்லுகள் பல சமயம் அந்தச் சில நொடிகளில்தான் போகின்றன.

சிலிக்கான் சில்லு சும்மா கிடந்தால் அநேகமாகக் கெடுவதில்லை. கெடுவதெல்லாம் அதைச் சுற்றியிருப்பவை: மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம், அதை அடைத்திருக்கும் ரப்பர், விசைப்பலகையின் பிளாஸ்டிக் ஏடு, பேட்டரி, சாக்கெட்டின் உலோகப் பூச்சு. ஆகவே பழைய கணினியை மீட்பதில் எலக்ட்ரானிக்ஸ் எவ்வளவு உண்டோ அவ்வளவு வேதியியலும் உண்டு. அந்த வேதியியலை வேகப்படுத்துவதில் நம் நெல்லைச் சீமையின் வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

இங்கே என்னென்ன கிடைக்கும்? 1982-இல் இங்கிலாந்தில் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் ஒன்று. அதன் பிளஸ் மாடலை உரிமம் பெற்று 1986 முதல் இந்தியாவில் ‘டிபி ஸ்பெக்ட்ரம்’ என்று விற்றார்கள். 1984-இல் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்தது பிபிசி மைக்ரோ. கடையநல்லூர், மேலப்பாளையம், காயல்பட்டினம் போல வளைகுடாவோடு தொடர்புள்ள ஊர்களில் கமடோர் 64, அல்லது அரபு எழுத்து விசைகளோடு ‘சக்ர்’ என்ற பெயரில் விற்ற எம்எஸ்எக்ஸ் கணினி கண்ணில் படலாம். வெளிநாட்டிலிருந்து வந்த எதுவானாலும் முதலில் பவர் பெட்டியின் அடியில் ஒட்டிய லேபிளைப் படியுங்கள். சவூதியில் ஒரு காலத்தில் 127 வோல்ட்டும் புழக்கத்தில் இருந்தது. அமெரிக்காவுக்கு 120, ஜப்பானுக்கு 100. அந்த டிரான்ஸ்ஃபார்மரை நம் 230 வோல்ட்டில் சொருகினால் அன்றோடு முடிந்தது.

திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தால் பெரும்பாலும் பல்லி எச்சமும் கரப்பான் முட்டையும் இருக்கும். அசிங்கம் என்பதற்காக மட்டும் அதைச் சுத்தம் செய்யவில்லை. எச்சத்தில் உள்ள உப்புகள் ஈரத்தை இழுத்துச் செம்புப் பாதைகளை அரிக்கும்; குற்றாலச் சாரல் காலத்திலும் ஐப்பசி அடைமழையிலும் ஈரம் பட்டால் அருகருகே இருக்கும் கால்களுக்கு நடுவே மின்சாரம் கசியும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் போதும். போர் தண்ணீர் பக்கமே போக வேண்டாம். அதிலுள்ள உப்பு காய்ந்து போர்டிலேயே படியும். கழுவியே ஆக வேண்டுமென்றால் பஞ்சர் கடையில் கேனில் கிடைக்கும் பேட்டரி தண்ணீரை வாங்குங்கள். அது காய்ச்சி வடித்த தண்ணீர். ஆனால் பேட்டரிக்கு ஊற்றும் ஆசிட்டும் அதே கடையில்தான் இருக்கும், லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். கழுவிய போர்டு நிழலில், காற்றாட, ஒரு முழு நாள் காயட்டும்.

பிபிசி மாஸ்டர், அமிகா 500-இன் கூடுதல் நினைவக அட்டை போன்றவற்றில் பேட்டரி உண்டு. நிக்கல் காட்மியம் பேட்டரியிலிருந்து கசிவது காரம். போர்டில் பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தால் வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டு நடுநிலையாக்கி, காய்ச்சி வடித்த தண்ணீரில் துடைத்து, கடைசியாக ஆல்கஹால் போடுங்கள். பேட்டரி நன்றாகத் தெரிந்தாலும் கழற்றிவிடுங்கள்.

கெப்பாசிட்டருக்குள் நடப்பது

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்பது சுருட்டிய அலுமினியத் தகடு. அதன் மேல் சில நானோமீட்டர் முதல் சில நூறு நானோமீட்டர் வரை கனமுள்ள ஆக்சைடு படலம் இருக்கும், அதுதான் மின்காப்பு. தகடுகளுக்கு இடையில் உள்ள காகிதத்தில் மின்பகுதிரவம் ஊறியிருக்கும், அடியில் ரப்பர் அடைப்பு. வயதாக ஆக இரண்டு கோளாறுகள் வரும். ரப்பர் வழியே திரவம் ஆவியாகி, மின்சாரத்தைத் தேக்கும் திறன் குறைவது ஒன்று. பல வருடம் மின்னழுத்தமே இல்லாமல் கிடந்ததால் ஆக்சைடு படலம் சிதைந்து, கரண்ட் கொடுத்ததும் உள்ளுக்குள்ளேயே கசிவது மற்றொன்று. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. 25 டிகிரி அறையில் இருந்ததோடு ஒப்பிட்டால், கான்கிரீட் கூரைக்கு அடியில் பரணில் 45 டிகிரியில் கிடந்த பெட்டிக்கு ஆயுள் நாலில் ஒன்று. ஒரே வருடத்தில் செய்த இரண்டு கணினிகளில் குளிர்நாட்டில் இருந்தது இன்னும் ஓட, இங்கே இருந்தது ஓடாமல் போக இதுவே முக்கியக் காரணம்.

ஸ்பெக்ட்ரத்தில் இந்தக் கெப்பாசிட்டர்கள் இரு முனையிலும் கம்பி நீட்டிய அச்சு வகை. பெரும்பாலும் 22, 100, 1 மைக்ரோஃபாரட். அத்தனையையும் 105 டிகிரி தரத்தில் புதிதாக மாற்றுவது மலிவு. கழற்றும் முன் ஒவ்வொன்றின் எதிர்முனை எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போர்டில் அச்சிட்ட குறியை மட்டும் நம்பிப் போட வேண்டாம்.

பிபிசி மைக்ரோவில் ஆபத்து வேறு இடத்தில். அதன் பவர் சப்ளையில் மெயின் லைனுக்குக் குறுக்கே, தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் கூட்டோடு ஒரு காகிதக் கெப்பாசிட்டர் இருக்கும். கூட்டில் மயிரிழை வெடிப்பு விழுந்து ஈரம் உள்ளே போயிருக்கும். சுவிட்ச் போட்டுச் சில நிமிடத்தில் வெடித்து அறை முழுக்க நாறும் புகை. மெயின் லைனுக்குக் குறுக்கே போடுவதற்கான எக்ஸ்2 தரம், 275 வோல்ட் ஏசி, 0.1 மைக்ரோஃபாரட் பாலிபுரோப்பிலீன் வகையை முதலிலேயே மாற்றிவிட வேண்டும். இந்த வகை சப்ளையில் பெரிய கெப்பாசிட்டர் ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். பிளக்கை எடுத்த பிறகும் மீட்டர் வைத்து வடிந்துவிட்டதா என்று பார்த்த பின்பே கை வையுங்கள். முதல் ஓட்டத்துக்கு, டிவி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் பல்ப், அதாவது மெயின் லைனில் தொடராக இணைத்த பல்ப், நல்ல காவல். 100 வாட் குண்டு பல்ப் பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பளிச்சென்று எரிந்து மங்கினால் பயமில்லை.

கமடோர் 64-இன் பவர் பெட்டியைப் பழுது பார்க்கவே வேண்டாம். உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருக்கும். மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் 5 வோல்ட் ரெகுலேட்டர் சூட்டில் பழுதாகும்போது மின்னழுத்தம் குறையாது, ஏறும். அந்த அதிக மின்னழுத்தம் நேராக நினைவகச் சில்லுகளில் போய் விழும். அளந்து பார்க்கும்போது சரியாகக் காட்டிவிட்டு, அரை மணி நேரம் சூடான பிறகு ஏறுவதும் உண்டு. புது சப்ளை வாங்குவதே புத்திசாலித்தனம்.

ஸ்பெக்ட்ரத்துக்கு எந்த அடாப்டர்

9 வோல்ட், 1.4 ஆம்பியர், பின்னின் நடுமுனை எதிர்மறை, வெளிவளையம் நேர்மறை. வீட்டில் கிடக்கும் இன்டர்நெட் ரவுட்டர் அடாப்டர் பெரும்பாலும் நடுமுனை நேர்மறை. பின் பொருந்துகிறது என்று சொருகினால் மின்முனை தலைகீழாகிப் போர்டு கெடும்.

அந்த 9 வோல்ட்டை 5 ஆக்க உள்ளே 7805 ரெகுலேட்டர் ஒன்று உண்டு. மிச்ச மின்னழுத்தத்தை அது வெறும் சூடாக்கித் தள்ளுகிறது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் சுமையில் 11 வோல்ட் கொடுத்து, ரெகுலேட்டர் வழியே 0.7 ஆம்பியர் ஓடினால் 6 பெருக்கல் 0.7, அதாவது நாலு வாட்டுக்கு மேல் சூடு. அக்னி நட்சத்திரத்தில் மூடிய பெட்டிக்குள் இது அதிகம். அதே மூன்று கால் அமைப்பில் வரும் 5 வோல்ட், 1 ஆம்பியர் சுவிட்சிங் ரெகுலேட்டரைப் போட்டால் அந்தச் சூடு பெருமளவு குறையும். பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல் உறையில் இட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

ஸ்பெக்ட்ரம் சாகும் விதம் தனி. கீழ் 16 கிலோபைட் நினைவகம் எட்டு 4116 சில்லுகளால் ஆனது. இவற்றுக்கு ஒன்றல்ல, மூன்று மின்னழுத்தம் வேண்டும்: +5, +12, −5. பின்னிரண்டையும் டிஆர்4 என்ற டிரான்சிஸ்டரும் ஒரு சிறு காயிலும் சேர்ந்து உருவாக்குகின்றன. சில்லின் அடித்தளத்தை எதிர் மின்னழுத்தத்தில் நிறுத்தி வைப்பது −5 வோல்ட். அது இல்லாமல் +12 மட்டும் போனால் சில்லுக்குள் வேண்டாத பாதைகளில் கரண்ட் பாய்ந்து எரிந்துவிடும். ஒரு சில்லு ஷார்ட் ஆனால் +12 லைன் அமுங்கும், டிஆர்4 எரியும், −5 போகும், மற்ற சில்லுகளும் போகும். டிஆர்4-ஐ மட்டும் மாற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பவர்கள் இந்தச் சுற்றில்தான் மாட்டுகிறார்கள்.

அதனால் கரண்ட் கொடுக்கும் முன்பே மீட்டரை ஓம்ஸில் வைத்து, 4116-இன் 16-ஆம் காலுக்கும் (தரை) மற்ற மூன்று கால்களுக்கும் நடுவே அளக்க வேண்டும்: 1-ஆம் கால் −5, 8-ஆம் கால் +12, 9-ஆம் கால் +5. எதிலாவது ஓரிரு ஓம் மட்டுமே காட்டினால் அங்கே ஷார்ட். அதைக் கண்டுபிடிக்கும் வரை கரண்ட் கிடையாது. எல்லாம் சரியென்றால் 1 ஆம்பியரில் கட்டுப்படுத்திய 9 வோல்ட் சப்ளையில் போட்டு, அதே கால்களில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் உடனே அணைக்கவும்.

திரை என்ன சொல்கிறது

ஸ்விட்ச் போட்டதும் ஸ்பெக்ட்ரம் தன் நினைவகத்தைத் தானே சோதிக்கிறது. ஒவ்வொரு முகவரியிலும் 2 என்று எழுதி, பிறகு ஒவ்வொன்றாக இருமுறை கழித்து பூஜ்யம் வருகிறதா என்று பார்க்கிறது. திரையும் நினைவகத்தின் ஒரு பகுதிதான் என்பதால் இந்தச் சோதனையை நாம் கண்ணால் பார்க்கலாம்: கறுப்புப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடுகள் தோன்றி மறையும். எண் 2 நிறப் பகுதியில் விழுந்தால் ‘சிவப்பு மை, கறுப்புத் தாள்’. படப் பகுதியில் விழுந்தால் எட்டுப் புள்ளிகளில் ஒன்று மட்டும் எரியும். அதன் பிறகு வெள்ளைத் திரை, அடியில் 1982 என்ற ஆண்டோடு பதிப்புரிமை (காப்பிரைட்) வரி. அந்தச் சிவப்புக் கோடுகளே வராமல் கறுப்பு வெள்ளைப் பட்டைகளாக உறைந்து நின்றால் சோதனை தொடங்கவே இல்லை. பிராசசர், ராம், திரைப்படத்தை உருவாக்கும் யுஎல்ஏ சில்லு ஆகியவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். கோடுகள் வந்து சில இடங்களில் மட்டும் வேறு நிறமோ கூடுதல் புள்ளியோ தெரிந்தால் கீழ் நினைவகச் சில்லைச் சந்தேகியுங்கள்.

பதிப்புரிமை வரி வந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. கணினி கண்டுகொண்ட கடைசி நினைவக முகவரி என்ன என்று ‘பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733’ என்ற பேசிக் கட்டளையால் கேளுங்கள். 48கே மாடலில் 65535 வர வேண்டும். 32767 வந்தால் மேல் நினைவகத்தைக் கணினி முழுதாகக் கைவிட்டிருக்கிறது. அப்போது 40000 என்ற முகவரியில் 0 எழுதித் திரும்பப் படியுங்கள். 16 வந்தால் பைட்டின் டி4 பிட் எப்போதும் 1-இல் ஒட்டிக்கொண்டது என்று பொருள். ஒவ்வொரு சில்லும் பைட்டின் ஒரே ஒரு பிட்டைத்தான் வைத்திருக்கிறது, ஆகவே சுற்று வரைபடத்தில் டி4 கோடு போகும் சில்லு ஒன்றே குற்றவாளி. 255 எழுதி, குறைவாக வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். மேல் 32கே-வில் பல போர்டுகளில் பாதி மட்டுமே நன்றாயிருந்த 64 கிலோபிட் சில்லுகளைப் போட்டிருந்தார்கள். விலையைக் குறைக்க நல்ல யோசனை. அதற்குப் பதிலாக முழுதும் நல்ல 4164 போடலாம்.

சில்லை முழுசாகப் பிடுங்க முயன்றால் அந்தக் காலப் போர்டின் செம்புப் பாதை உரிந்து வரும். கால்களை வெட்டி, 350 டிகிரிக்கு மேல் போகாமல் ஒவ்வொரு காலாக மூன்று நொடிக்குள் எடுத்து, துளையிலுள்ள ஈயத்தைச் சால்டர் சக்கரால் உறிஞ்சி, சாக்கெட் வைத்துப் புதுச் சில்லைச் சொருகுங்கள். தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரிப் பக்கம் கிடைத்த இயந்திரத்தில் இதற்கெல்லாம் முன்பு ஏற்கெனவே சாக்கெட்டில் இருக்கும் சில்லுகளை ஒருமுறை கழற்றிக் கால்களைத் துடைத்துத் திரும்பச் சொருகிப் பாருங்கள். உப்புக்காற்றால் படிந்த ஆக்சைடு மட்டுமே கோளாறாக இருப்பது அடிக்கடி நடக்கும்.

விசை வேலை செய்யவில்லையென்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஏட்டிலிருந்து போர்டுக்குப் போகும் வால் முறிந்திருக்கும். ஒரு வாலில் 5 தடம், மற்றதில் 8. 40 விசைகளும் இந்த 5 பெருக்கல் 8 கட்டத்தில் அமைந்தவை, அதனால் ஒரு தடம் போனால் ஒரு வரிசையே போகும். ஒட்டிப் பயனில்லை, புதிதாகவே தயாராகிறது, வாங்கி மாற்றுங்கள்.

கேசட்டிலிருந்து நிரல் ஏற்றுவதும் பார்த்து ரசிக்க வேண்டிய அறிவியல். 0 என்றால் 855 கடிகாரத் துடிப்பு நீளமுள்ள இரண்டு அரைஅலைகள், 1 என்றால் 1710 துடிப்பில் இரண்டு. கடிகாரம் நொடிக்கு 35 லட்சம். முன்னோட்ட ஒலி வரும்போது திரை ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும், தரவு வரும்போது நீலமும் மஞ்சளும் பட்டைகளாக ஓடும். பழைய டேப்ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட் உருகிப் பசையாகியிருக்கும், ஹெட்டின் சாய்வும் மாறியிருக்கும். செல்போனில் ஒலிக்கோப்பாக வாசித்தும் ஏற்றலாம். ஒலி முழு அளவில் இருக்கட்டும். ஸ்டீரியோ வயர் இந்த மோனோ சாக்கெட்டில் ஒரு சேனலைத் தரையோடு இணைத்துவிடும் என்பதால் மோனோ வயர் பயன்படுத்துங்கள். சிவப்பும் வெளிர்நீலமும் மெதுவாக மாறி மாறி நின்று, பட்டைகளே ஓடாவிட்டால் ஒலி உள்ளே எட்டவில்லை.

மஞ்சளான பிபிசி, கமடோர் மூடிகளுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 20 வால்யூம் ஹைட்ரஜன் பெராக்சைடு, அதாவது 6 சதவீதம், போதுமானது. ஸ்டிக்கர், ஸ்பிரிங், உலோகம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழுதாக மூழ்க வைத்து வெயிலில் வையுங்கள். ஆக்சிஜன் வெளியேற வேண்டும், பாத்திரத்தை இறுக்கி மூடாதீர்கள். நம் ஊரில் காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை உள்ள வெயில் ஏற்றது. உச்சி வெயிலில் திரவம் சூடேறி மெல்லிய பாகம் வளையும், மேலே நீட்டிய இடத்தில் வெண்திட்டு விழும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். நிறம் திரும்பும், ஆனால் வெயிலிலோ சூட்டிலோ வைத்தால் மறுபடி மஞ்சளாகும்.

சரி செய்த பிறகு பரணில் ஏற்றாமல் அறை அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டினால் கெப்பாசிட்டரின் ஆக்சைடு படலம் நிலைக்கும். வயரை மூடியின் மேல் சுற்றி வைக்கக் கூடாது. பிவிசி வயரிலிருந்து கசியும் மென்மையூட்டி கணினியின் பிளாஸ்டிக்கைக் கரைத்து வயர் வடிவத்திலேயே தடம் பதித்துவிடும். தெர்மகோலில் அந்த வயர் பட்டாலும் அதே கதி. வயரைத் தனியாகத் துணிப்பையில் போடுங்கள்.