துணி டயப்பர்: கொடியிலிருந்து தொடங்கும் தேர்வு

துணி டயப்பர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மேலே உள்ள படத்தையும், பட்டன் வரிசையையும், எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருப்பதையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர், துணி காயப்போடும் இடம். ஆற்றுத் தண்ணீரில் துவைக்கும் வீட்டில் நன்றாக உழைக்கும் அதே டயப்பர், உப்பு மிகுந்த போர் தண்ணீரில் துவைக்கும் வீட்டில் சில மாதங்களிலேயே ஒழுகத் தொடங்கலாம். டயப்பர் ஈரத்தை எப்படிக் கையாள்கிறது என்று தெரிந்தால் இதன் காரணம் விளங்கும்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். கைக்குழந்தை ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்குச் சுமார் 2 மி.லி. சிறுநீர் கழிக்கும். 3 கிலோ குழந்தைக்கு மணிக்கு 6 மி.லி., நாள் முழுக்க 150 மி.லி.க்குள். அதையும் சிறிது சிறிதாக, பத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் கழிக்கும். 9 கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தைக்கு மூன்று மணி நேரத்தில் 50 மி.லி.க்கு மேல் சேரும். இரவு பத்து மணி நேரத் தூக்கத்தில் 180 மி.லி. வரை வரும். அதோடு வளர்ந்த குழந்தை அடக்கிவைத்து ஒரே மூச்சில் விடும். ஆகவே பச்சிளம் குழந்தைக்கு வேண்டிய டயப்பர் வேறு, ஒரு வயதுக் குழந்தையின் இரவு டயப்பர் வேறு. ‘பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை ஒரே டயப்பர்’ என்ற வாசகம் இடுப்பளவுக்கு ஓரளவு பொருந்தலாம், கொள்ளளவுக்குப் பொருந்தாது.

டயப்பர் செய்ய வேண்டிய வேலைகள் மூன்று. வந்த நீரைச் சட்டென இழுக்க வேண்டும். இழுத்ததைக் குழந்தை அழுத்தி உட்கார்ந்தாலும் விடாமல் வைத்திருக்க வேண்டும். வெளியே கசியாமல் தடுக்க வேண்டும். மூன்றையும் ஒரே துணியால் செய்ய முடியாது. அதனால்தான் உள்ளே ஒரு பட்டை, வெளியே ஒரு கவர் என்று பிரித்திருக்கிறார்கள்.

பருத்தி இழை செல்லுலோஸ். அதன் மூலக்கூறு நெடுகிலும் உள்ள ஹைட்ராக்ஸில் தொகுதிகள் நீரைப் பிடித்துக்கொள்ளும். 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் சும்மா கிடக்கும்போதே பருத்தி தன் எடையில் 7 முதல் 8 விழுக்காடு நீரை உறிஞ்சி வைத்திருக்கும். பாலியஸ்டர் அதே காற்றில் 0.4 விழுக்காடுதான் எடுக்கும். பருத்தியில் நீர் இரண்டு இடங்களில் தங்குகிறது: கொஞ்சம் இழைக்குள்ளே, மீதி இழைகளுக்கு நடுவேயுள்ள நுண்ணிய இடைவெளிகளில்.

கடையில் அதிகம் விற்கும் மைக்ரோஃபைபர் பட்டை பாலியஸ்டர் சார்ந்தது. இழைக்குள் நீர் போகாது, இடைவெளியில் மட்டுமே நிற்கும். மிக வேகமாக இழுக்கும், ஆனால் அழுத்தினால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் போல விட்டுவிடும். குழந்தை உட்கார்ந்ததும், தூளியில் சுருண்டு படுத்ததும், கார் இருக்கையின் பெல்ட் இறுகியதும் தொடை வழியாக வழிவது இதனால்தான். மைக்ரோஃபைபரை நேரடியாகத் தோலில் படும்படி வைக்கவும் கூடாது. தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுத்து வறட்சியாக்கும்.

ஹெம்ப் நார் (கஞ்சா இனச் செடியின் தண்டு நார்; சணல் வேறு, இது வேறு) மெதுவாகத்தான் உறிஞ்சும். உறிஞ்சியதை இறுகப் பிடித்துக்கொள்ளும். தனியாகப் போட்டால் வேகம் போதாமல் மேலே வழியும். ஆகவே மேலே பருத்தி, அடியில் ஹெம்ப் என்று அடுக்குவதே இரவுக்குச் சரியான சேர்மானம். ‘மூங்கில்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் மூங்கில் கூழைக் கரைத்து மறுபடி இழையாக இழுத்த விஸ்கோஸ். மென்மையானது, நன்றாக உறிஞ்சும். ஆனால் பருத்தி நனைந்தால் வலுக்கூடும், விஸ்கோஸ் நனைந்தால் வலுக்குறையும். துவைகல்லில் அடித்துத் துவைக்கும் வீட்டில் அது சீக்கிரம் பொத்தல் விடும்.

எந்தப் பட்டை எவ்வளவு தாங்கும் என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம். சமையலறைத் தராசில் காய்ந்த பட்டையை நிறுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, தூக்கிப் பிடித்து ஒரு நிமிடம் சொட்ட விட்டு மறுபடி நிறுங்கள். கூடிய எடை எத்தனை கிராமோ அத்தனை மி.லி. அதன் கொள்ளளவு. பிறகு அதை ஒரு தட்டில் வைத்து, மேலே பிளாஸ்டிக் உறையிட்ட 5 கிலோ அரிசிப் பையை ஒரு நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, தட்டில் வடிந்ததைத் தள்ளி மீண்டும் நிறுங்கள். அட்டை வாசகத்தை மறந்துவிட்டு, இந்த மூன்றாவது எடையில் காய்ந்த எடையைக் கழித்தால் வருவதை நம்புங்கள்.

புதுப் பட்டையை இப்படி அளந்தால் ஏமாற்றமாக இருக்கும். கோராப் பருத்தியிலும் ஹெம்பிலும் செடியின் இயற்கை மெழுகு ஒட்டியிருக்கும். அது நீரைத் தள்ளும். சோப்புத்தூளும் சுடுதண்ணீரும் சேர்த்துப் பருத்தியை நாலைந்து முறையும், ஹெம்பை இன்னும் சில முறையும் துவைத்தால்தான் முழுத் திறன் வரும். பழைய வேட்டியையும் நூல்புடவையையும் கிழித்துக் குழந்தைக்குக் கட்டும் வழக்கம் இந்த வகையில் மிகச் சரியானது: மெழுகு போய், நூல் தளர்ந்து, இழுக்கும் வேகம் உச்சத்தில் இருக்கும் துணி அது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த துணியைப் பச்சிளம் குழந்தைக்குக் கட்டவே கூடாது. அதிலுள்ள நாஃப்தலீன் ஆவி துணியில் ஏறி, மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் குழந்தைக்குள் போகும். ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அந்தக் குறைபாடு இருப்பது பிறந்த புதிதில் பல வீடுகளில் தெரிந்திருக்காது. ‘ஒரு தடவை துவைத்துவிட்டோமே’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் வேறு துணி எடுங்கள்.

வெளிக்கவர் பெரும்பாலும் பி.யு.எல். எனப்படும் துணி: பாலியஸ்டர் பின்னலின் ஒரு பக்கத்தில் மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒட்டியிருக்கும். ரப்பர் ஜட்டிகள் குழந்தையின் தொடையைக் கடித்துக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்காவின் மேரியன் டோனவன் நைலான் துணியில் ஸ்நாப் பட்டன் வைத்த கவரை உருவாக்கி 1951-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கவர்கள் அந்த வழியில் வந்தவை. படலத்துக்கு எமன் சூடு. கொதிநீர், இஸ்திரிப் பெட்டி, உச்சி வெயில் மூன்றிலும் அது பின்னலை விட்டுப் பிரிந்து குமிழ் குமிழாக எழும்பும். அதன்பின் சரிசெய்ய வழியில்லை.

வகைகள் பல பெயரில் வந்தாலும் அவற்றைப் பிரித்தறியச் சுலபமான வழி, எத்தனை அடுக்கு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது. ஏறத்தாழ 70 செ.மீ. சதுரமுள்ள ஒற்றை அடுக்குத் துணியை முக்கோணமாகவோ பட்டையாகவோ மடித்துக் கவருக்குள் வைப்பது மிகப் பழைய முறை. நடுவில் கனமாகத் தைத்த ப்ரீஃபோல்ட் அடுத்தது. பாக்கெட் டயப்பரில் கவரோடு ஓர் உள்துணி தைத்து, இடையே பட்டையைச் செருக வழி விட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்தது ஆல்-இன்-ஒன். மாட்டுவதற்கு எளிது, காய்வதற்கு மிகக் கடினம். நீர் துணியின் மேற்பரப்பிலிருந்து மட்டுமே ஆவியாகும். ஐந்தாறு அடுக்கின் நடுவிலுள்ள ஈரம் வெளியே வந்து சேர நேரம் பிடிக்கும், அதற்குள் உள்ளே நாற்றம் பிடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும்போது ஆல்-இன்-ஒன் இரண்டு நாளானாலும் காயாது. மாடியும் வெயிலும் இல்லாத அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு மடிக்கும் ஒற்றை அடுக்குத் துணியைத்தான் முதலில் பரிந்துரைப்போம். விரித்துப் போட்டால் காய்ந்துவிடும், அடைமழையில் இஸ்திரி போட்டும் காயவைக்கலாம், குழந்தை வளர்ந்ததும் அதையே நீளமாக மடித்துப் பாக்கெட்டுக்குள் செருகலாம்.

முதல் ஆறு எட்டு வாரங்களுக்கு, ‘எல்லா வயதுக்கும்’ என்று பட்டன் வைத்த பெரிய டயப்பர் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொடையில் இடைவெளி விடும். தொப்புள்கொடி விழும்வரை துணியின் விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்ட வேண்டும்.

ஒழுகினால் உடனே ‘துணி மோசம்’ என்று தூக்கிப் போடாமல், எங்கே நனைந்திருக்கிறது, உள்பட்டை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பட்டை முழுக்கச் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் கொள்ளளவு போதவில்லை. இன்னொரு பட்டை வையுங்கள், அல்லது சீக்கிரம் மாற்றுங்கள். முன்பக்கம் மட்டும் நனைந்து பின்பக்கம் காய்ந்திருந்தால் பட்டையை முன்னால் மடித்து வைக்க வேண்டும். ஆண் குழந்தைக்கும் குப்புறப் படுக்கும் குழந்தைக்கும் இது கட்டாயம். தொடை எலாஸ்டிக் காலின் நடுவில் நிற்காமல், ஜட்டி விளிம்பு நிற்கும் தொடை இடுக்கில் உட்கார வேண்டும். உள்துணியின் ஓர் ஓரம் கவருக்கு வெளியே எட்டிப் பார்த்தாலே போதும், நுண்புழை ஏற்றத்தால் ஈரம் அதன் வழியாகச் சட்டைக்கு ஏறிவிடும். பட்டை கிட்டத்தட்ட காய்ந்தே இருந்து சிறுநீர் வழிந்திருந்தால், துணியில் ஏதோ படிந்து நீரைத் தள்ளுகிறது. சந்தேகமிருந்தால் காய்ந்த பட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உள்ளே போகாமல் முத்தாக நின்றால் படிவுதான்.

இந்தப் படிவுக்கு நம் ஊரில் முதல் காரணம் உப்புத் தண்ணீரும் பார் சோப்பும் சேர்வது. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து, கரையாத திரியாகத் துணியில் படியும். அதை அலசி எடுக்க முடியாது. ஒவ்வொரு துவைப்பிலும் கூடும். உங்கள் தண்ணீரைச் சோதிக்க, அரைப் பாட்டில் தண்ணீரில் குளியல் சோப்புச் சீவல் கொஞ்சம் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் நல்ல நீர். நுரை வராமல் தண்ணீர் கலங்கித் திரிதிரியாக மிதந்தால் பார் சோப்பை விட்டு, சோப்புத்தூளுக்கு (டிடர்ஜென்ட்) மாறுங்கள். குழந்தைத் துணி என்று தூளைக் குறைத்துப் போடுவது இன்னொரு பிழை. கடின நீரில் தூளின் ஒரு பகுதி கால்சியத்தைச் சமாளிக்கவே செலவாகிவிடும். அழுக்குக்கு மிச்சம் இருக்காது.

மென்மைக்கும் வாசனைக்கும் கடைசி அலசலில் ஊற்றும் திரவம் இழை மேல் கொழுப்புப் படலம் பூசும். டயப்பருக்கு வேண்டவே வேண்டாம். துத்தநாகக் களிம்பும் எண்ணெய்க் குளியலின் நல்லெண்ணெயும் அதே வேலையைச் செய்யும். களிம்பு தடவும் நாட்களில் மேலே ஒரு மெல்லிய துணித் துண்டு வைத்துவிடுங்கள்.

துவைக்கும் முறை இது. மலத்தைத் தட்டிக் கழிவறையில் போட்டுவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். முதலிலேயே சுடுதண்ணீர் ஊற்றினால் புரதம் இறுகிக் கறை ஒட்டிக்கொள்ளும். வாளியில் மூடி ஊறவைக்காமல் காற்றோட்டமான கூடையில் போட்டு, இரண்டு நாளுக்குள் துவைத்துவிட வேண்டும். மெஷினில் தூள் போடாமல் ஒரு சுற்று, பிறகு முழு அளவு தூளோடு நீண்ட சுற்று. பட்டைகளுக்கு 60 டிகிரி வரை போகலாம், கவர்களுக்கு 40 போதும். டிரம்மில் முக்கால் பங்கு நிரம்பியிருந்தால்தான் துணிகள் ஒன்றோடொன்று உரசி அழுக்கு விடும். நுரை அடங்கும்வரை அலசுங்கள். ஏற்கெனவே படிவு ஏறிய பட்டைகளுக்கு, பிடித்து வைத்த மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை: 10 லிட்டர் சூடான மழைநீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, கவர்களைத் தவிர்த்துப் பட்டைகளை மட்டும் சில மணி நேரம் ஊறவிட்டு, வழக்கம்போல் துவைத்துப் பலமுறை அலசுங்கள்.

கிருமிநாசினித் திரவம் ஊற்றி ஊறவைப்பது பல வீடுகளில் பழக்கம். நன்றாகத் துவைத்து வெயிலில் காயவைத்த துணிக்கு அது தேவையில்லை. எச்சம் மிஞ்சினால் தோலைத்தான் எரிக்கும். பிளீச்சை அலசாத சிறுநீர்த் துணியில் ஊற்றவே கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற நச்சு வாயு வரும்.

வெயில் ஒரு வேலையை அற்புதமாகச் செய்யும். தாய்ப்பால் குழந்தையின் மஞ்சள் கறை பித்த நிறமி. துவைத்த ஈரத்தோடு வெயிலில் போட்டால் ஒளிபட்டுச் சிதைந்து தானே மங்கும். கவரை மட்டும் நிழலில் போடுங்கள். சுற்றுச்சூழல் கணக்கும் கொடியில்தான் தீர்மானமாகிறது. இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை ஆண்டுக்குக் காகித டயப்பருக்கு ஏறத்தாழ 550 கிலோ, துணி டயப்பருக்கு 570 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வு என்று வந்தது. கொடியில் உலர்த்தி, மெஷினை நிரப்பித் துவைத்து, இரண்டாம் குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் உமிழ்வு 40 விழுக்காடு குறையும் என்றும் அதே ஆய்வு சொன்னது.

துணி என்பதாலேயே தடிப்பு வராது என்று நம்பிவிடக் கூடாது. மலத்திலுள்ள பாக்டீரியாவின் யூரியேஸ் நொதி சிறுநீரின் யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும். தோலின் இயல்பான அமிலத்தன்மை மாறும். அந்தச் சூழலில் மலத்தின் செரிமான நொதிகள் வீரியம் பெற்று, ஊறிப்போன தோலை அரிக்கும். காகித டயப்பரிலுள்ள சோடியம் பாலிஅக்ரிலேட் நீரைக் கூழாக்கிப் பூட்டிவிடுவதால் தோல் அதிக நேரம் உலர்ந்திருக்கும். துணியில் அந்த வசதி இல்லை. இரண்டு மூன்று மணிக்கொரு முறை மாற்றுவதுதான் அதற்கு ஈடு. மலம் கழித்தால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும். இடுக்குகளில் செக்கச்செவேலென்று சிவந்து சுற்றிலும் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. களிம்பை மாற்றி மாற்றிப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தினமும் துவைத்து அன்றே காயும் வீட்டில், பச்சிளம் குழந்தைக்கு 20 முதல் 24 துணிகளும் 5 அல்லது 6 கவர்களும் போதும். மழைக்காலத்துக்கு இதில் பாதி கூடுதலாகத் துணி வேண்டும். கவர் வேண்டாம், அது சீக்கிரம் காய்ந்துவிடும். மொத்தமாக வாங்கும் முன் வகைக்கு ஒன்று வாங்கி, உங்கள் தண்ணீரில் நாலு தடவை துவைத்து, தராசில் வைத்துப் பாருங்கள். மாதம் ஒரு முறை கவரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசிப் பொத்தல் தெரிகிறதா என்றும், எலாஸ்டிக்கை இழுத்து விட்டால் திரும்பிச் சுருங்குகிறதா என்றும் பார்க்கலாம். எலாஸ்டிக் தளர்ந்த கவரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தையற்காரரிடம் கொடுத்தால் புதிது கோத்துத் தருவார். படலம் பிரிந்ததைத்தான் மாற்றியாக வேண்டும்.