பர்ன்அவுட்: சோர்வா, கருகலா?

தர்மபுரிப் பக்கம் போர்வெல் வைத்திருப்பவர்களுக்கு 'காயில் கருகிடுச்சு' என்ற பேச்சு பழகிப்போனது. மூன்று பேஸில் ஒன்று போனபின்னும் மோட்டார் ஓடினால், மீதி இரண்டிலும் கரண்ட் ஏறி, சூடாகி, காயில் தீய்ந்துவிடும். போரில் தண்ணீர் வற்றியபின் ஓடினாலும் அதே கதிதான். ரீவைண்டிங் கடையில் மோட்டாரைச் சோம்பேறி என்று யாரும் திட்டுவதில்லை. லைன் எப்படி என்றுதான் கேட்பார்கள்.

ஆங்கிலத்தில் மோட்டாருக்கும் ஆளுக்கும் ஒரே சொல்: பர்ன்அவுட். எரிய ஒன்றும் மிச்சமில்லாமல் எரிந்து அணைவது அதன் முதற்பொருள். வேலை செய்பவர்களின் நிலைக்கு அதை 1974-இல் கட்டுரையாக்கியவர் நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர். ஓர் இலவச மருத்துவமனையில் ஆர்வமாகச் சேர்ந்தவர்கள் வற்றிப்போவதை அவர் பார்த்தார். பிறகு அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதில் மூன்று கூறுகளைக் காட்டினார்: சக்தி தீர்தல், கசப்பு, 'என்னால் ஒன்றும் ஆகாது' என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. தீர்க்கப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது.

தமிழில் 'பணிச்சோர்வு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து பஸ்ஸில் தூங்கி விழுபவருக்கு இருப்பது சோர்வு. நன்றாகத் தூங்கினால் போய்விடும். டார்கெட் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, லீவு கேட்டால் எல்லார் முன்னாலும் ஏச்சு, செய்த வேலைக்கு இன்னொருவருக்குப் பாராட்டு என்றால்? பத்து நாள் லீவு போட்டாலும் திங்கட்கிழமையை நினைத்தால் வயிற்றைப் பிசையும். சோர்வு என்ற சொல் பழியை ஆள் மேல் போட்டுவிடுகிறது.

பழந்தமிழில் விளக்கு அணைவதற்கு 'நொந்துதல்' என்றொரு சொல் உண்டு. சோழர் கல்வெட்டுகளின் நொந்தா விளக்கு, அணையா விளக்கு. அது அணையாதிருக்க 90 ஆடு கொடுத்து, தினம் ஓர் உழக்கு நெய்க்கு ஏற்பாடு செய்தார்கள். (நாம் சொல்லும் 'நொந்துட்டேன்' நோதலிலிருந்து வருவது, வேறு சொல்.) 'பணிநொந்தல்' என்று ஆக்க ஆசைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் கல்வெட்டு வாசித்துக்காட்ட வேண்டியிருக்கும்.

சரி, என் ஓட்டு 'பணிக்கருகல்'. பேச்சில், 'வேலையில கருகிட்டேன்'.