ஒரு குச்சி செய்யும் வேலை

காக்கசஸ் மலைத்தொடரின் வடமேற்கே பேசப்படும் அடிகே மொழியில் மெய்யொலிகள் மட்டும் 50-க்கு மேல், உயிரொலிகளோ மூன்றே. அங்கே 'ப' என்றால் மூக்கு. குரல்வளையை இறுக மூடி, அதை மேலே உயர்த்தி, வாய்க்குள் அடைபட்ட காற்றைப் பட்டென்று வெடிக்கவிட்டு அதே 'ப'வைச் சொன்னால் படுக்கை. காதுக்குத் துல்லியமாகக் கேட்கும் இந்த வேறுபாட்டை அச்சகத்தின் ஈய எழுத்தில் எப்படிக் கொண்டுவருவது?

1922-இல் சோவியத் ஆட்சியின்கீழ் அடிகே தன்னாட்சி வட்டாரம் உருவானது. மறு ஆண்டே 'அடிகே வாழ்வு' என்ற பொருள்படும் பெயருடன் முதல் செய்தித்தாள் அரபு எழுத்தில் வெளிவந்தது. அரபு எழுத்துகளில் பெரும்பாலானவை சொல்லின் தொடக்கம், நடு, முடிவு, தனித்து நிற்பது என இடத்துக்கேற்ப உருமாறுபவை. புதிய ஒலிக்கென ஓர் எழுத்தைச் சேர்த்தால், அச்சுக்கோப்பவரின் பெட்டியில் நான்கு வார்ப்புகள்வரை கூடிவிடும்.

1927-இல் லத்தீன் எழுத்து வந்தது. அதை வகுத்தவர்கள் அடிகே மொழியறிஞர் தாவூத் அஷ்ஹமாஃபும் ரஷ்ய மொழியியலாளர் நிக்கோலாய் யாக்கோவ்லெவும். மிகக் குறைந்த எழுத்துகளில் ஒரு மொழியை எழுதுவதற்கு யாக்கோவ்லெவ் 1928-இல் கணிதச் சூத்திரமே வெளியிட்டார். பல ஒலிகளில் ஒரே தன்மை திரும்பத் திரும்ப வருமானால், ஒலிக்கொரு எழுத்து வார்க்க வேண்டியதில்லை. அந்தத் தன்மையை வேறோர் இடத்தில் குறித்தால் போதும். எத்தனை அழகான சிந்தனை!

1938-இல் மாஸ்கோவின் கொள்கை மாறி, ரஷ்ய மொழிக்குரிய எழுத்தான சிரிலிக் வந்தது. அப்போது நிலைத்ததுதான் 'பலோச்கா'. ரஷ்ய மொழியில் சிறு குச்சி என்று பொருள். உருவமும் ஒற்றைச் செங்குத்துக் கோடுதான். 'ப'வுக்குப் பின் அதை நிறுத்தினால் வெடிப்பொலி. 'த'வுக்குப் பின் நிறுத்தினாலும் அப்படியே. தனியே நின்றால் தொண்டையடைப்பு ஒலி: 'கை' என்பதற்கான அடிகே சொல் இந்தக் குச்சியில்தான் தொடங்குகிறது. இதழ் குவித்துச் சொல்லும் மெய்களுக்கு 'உ'கர எழுத்தைப் பின்னால் சேர்க்கிறார்கள். அதனால் ஓர் ஒலிக்கு மூன்று எழுத்துகள்கூட வரும். சொல் நீண்டது, ஆனால் எழுத்துப்பெட்டி சுருங்கியது.

இதற்குக் கொடுத்த விலை பெரிது என்றே நினைக்கிறேன். முதல் இதழ் வந்து 15 ஆண்டுகளுக்குள் மூன்று எழுத்துமுறைகள். அரபு எழுத்தில் படிக்கப் பழகியவர் இரண்டு முறை புதிதாக எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தது. நெருங்கிய உறவுடைய கபர்தியருக்கோ 1936-இலேயே வேறொரு சிரிலிக் அமைந்துவிட்டது. உடன்பிறப்பு மொழிகள் இரண்டும் ஒரே ஒலியைச் சில இடங்களில் வெவ்வேறாக எழுதுகின்றன.

யூனிகோடில் பலோச்காவின் சிறிய வடிவம் சேர்ந்தது 2006-இல்தான். பல விசைப்பலகைகளில் அந்தக் குச்சி இன்றும் இல்லை. 'கை' என்று எழுத விரும்பும் அடிகேயர் பலர் முதலில் தட்டுவது 1 என்ற எண்ணை.