புதுப்பித்தாயிற்று, அப்புறம் யார் பார்ப்பது?

மறுபடியும் அதே மாதிரி ஓர் அழைப்பு. நூறாண்டு கடந்த நகரப் பூங்கா. சில வருடங்களுக்கு முன்புதான் பெரிய தொகை செலவழித்துப் புதுப்பித்தார்கள். இப்போது நீரூற்று ஓடவில்லை, குளத்தில் வண்டல் ஏறிவிட்டது, இரும்பு வேலி மண்ணைத் தொடும் இடமெல்லாம் துரு. இன்னொரு முறை புதுப்பிக்க மதிப்பீடு வேண்டுமாம். ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேட்டேன். பட்ஜெட்டில் அதற்கென்று தலைப்பே இல்லையாம்.

பழைய பூங்காக்களைப் பாதுகாப்பதுதான் என் தொழில். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

புதுப்பித்துவிட்டால் பூங்கா பிழைத்துவிட்டது என்ற நினைப்பு அதிகாரிகளிடம் மட்டுமல்ல, தினமும் அங்கே நடக்க வருகிறவர்களிடமும் இருக்கிறது. சற்று யோசித்துப் பாருங்கள். கட்டடத்தில் கடைசிக் கல்லை வைத்த அன்று வேலை முடிகிறது. பூங்காவில் கடைசிச் செடியை நட்ட அன்றுதான் வேலை ஆரம்பிக்கிறது. நட்ட கன்றுக்கு முதல் சில கோடைகள் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். புல்தரையை இரண்டு பருவம் கவனிக்காவிட்டால் வடிவம் போய்விடும். குளத்துக்கு நீர் வரும் வழியில் உள்ள வண்டல் தொட்டியை ஆண்டுக்கொரு முறை அள்ளினால் சின்னச் செலவு. அள்ளாமல் விட்டால் குளத்தையே தூர்வார வேண்டும், அது பெரிய டெண்டர். பெரிய டெண்டருக்குக் கிடைக்கிற பணம் சின்ன வேலைக்குக் கிடைக்காது. திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. வண்டல் அள்ளியதற்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்?

நான் கோபத்தில் சொல்கிற விஷயம் இல்லை இது. வரலாற்றுத் தோட்டங்களுக்கென 1981-ல் உருவான ஃபுளோரன்ஸ் சாசனம் அவற்றை உயிருள்ள நினைவுச்சின்னங்கள் என்கிறது. பராமரிப்பு இடைவிடாமல் நடக்க வேண்டியது என்றும், மரங்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் புதுப்பிக்க நீண்டகாலத் திட்டம் வேண்டும் என்றும் சொல்கிறது. மரங்கள் ஏன் முக்கியம்? பழைய பூங்காக்களில் பாதையோர மரங்களைப் பெரும்பாலும் ஒரே சமயத்தில் நட்டிருப்பார்கள். அதனால் மூப்பும் ஒரே சமயத்தில்தான் வரும். அடுத்த வரிசைக்கு இப்போதே கன்று வளர்க்காதவர்கள், மரங்கள் சாயும்போது கண்ணீர் விடுவதில் பயனில்லை.

"நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விட்டால் பூங்கா தன்னைத்தானே பார்த்துக்கொள்ளுமே" என்பார்கள் சிலர். அளவோடு விட்டால் சரி. ஆனால் மேடைச் சாமான் ஏற்றிய லாரி ஈர மண்ணில் ஒருமுறை போனால் போதும், மண் இறுகிவிடும். மரத்தின் உறிஞ்சுவேர்கள் பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணில்தான் இருக்கின்றன, அவற்றுக்குக் காற்றும் கிடைக்காது, நீரும் இறங்காது. மரம் உடனே சாகாது. சில வருடங்கள் கழித்து உச்சிக் கிளை காயும். அதற்குள் நிகழ்ச்சி நடத்தியவர்களுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ஃபைலையும் மூடியிருப்பார்கள். மரத்துக்கு ஏதோ நோய் என்று என்னைக் கூப்பிடுவார்கள்.

பணத்துக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் 1883 முதல் பூங்காக்களுக்கெனத் தனி வாரியம் உண்டு. உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், வாரியத்துக்குச் சொந்தமாக வரி விதிக்கும் உரிமை இருக்கிறது. இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் 1992-ல் பூங்காக்களை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தபோது, வருமானம் தரும் சொத்துகளையும் சேர்த்தே கொடுத்தார்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் எழுபதுகளில் பாழாய்க் கிடந்தது. 1980-ல் தொடங்கிய தன்னார்வ அமைப்பு நன்கொடை திரட்டி அதை மீட்டது, இன்றும் செலவின் பெரும்பகுதி அவர்களுடையதுதான். ஆனால் சுற்றிலும் செல்வந்தர்கள் வாழும் பூங்கா அது. ஏழைகள் வாழும் பகுதியில் உள்ள பூங்கா யாரிடம் போய்க் கையேந்தும்? அதனால்தான் முதல் பொறுப்பு பொதுப் பணத்துக்கு என்கிறேன்.

பூங்காவால் லாபமில்லை என்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. பொதுப் பணத்தில் உருவாகி 1847-ல் திறக்கப்பட்ட, இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் பூங்காவுக்குத் தேவைக்கு மேல் நிலம் வாங்கி, விளிம்பிலிருந்த மனைகளை வீடு கட்ட விற்றார்கள். பூங்காவை ஒட்டிய மனைக்கு மதிப்பு கூடும் என்று அன்றே தெரிந்திருந்தது. இன்றும் கூடத்தான் செய்கிறது. அந்தச் சொத்துகளிலிருந்து வருகிற வரியில் ஒரு பங்கு பூங்காவுக்குத் திரும்ப வரட்டும்.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு: பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டமும் அதற்கான பணமும் கையில் இல்லாமல் புதுப்பிக்கத் தொடங்காதீர்கள். பிரிட்டனில் லாட்டரி நிதியில் பூங்காக்களைப் புதுப்பித்தபோது அப்படியொரு திட்டத்தைக் கேட்டு வாங்கினார்கள். நிகழ்ச்சி முன்பணத்தை மண்ணைச் சோதித்த பிறகு திருப்பிக் கொடுங்கள். பூங்காவின் ஒரு மூலையை வாகன நிறுத்தத்துக்குக் கேட்டு யார் வந்தாலும் மறுத்துவிடுங்கள், கொடுத்தால் இன்னொரு மூலைக்கும் வருவார்கள்.

நடக்க வருகிறவர்களுக்கு: நகராட்சி பட்ஜெட் வரும்போது பராமரிப்புத் தொகை எவ்வளவு என்று கேளுங்கள், எழுத்திலேயே கேளுங்கள். புது நடைபாதை வேண்டும் என்று மனு கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். இருக்கிற வடிகாலைச் சுத்தம் செய்யச் சொல்லி ஒரு மனுவாவது வந்தால் நல்லது.

இன்னொன்று, தயவுசெய்து. நிரந்தரத் தோட்டக்காரர்களை நீக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒப்பந்தத்துக்கு விடாதீர்கள். எந்த வால்வு எந்தப் புதருக்கு அடியில் இருக்கிறது என்பது பல பூங்காக்களில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். அவர் ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு பொறியாளரை அவரோடு அனுப்பி, அத்தனையையும் வரைபடத்தில் குறித்து வையுங்கள்.