'எல்' இல்லாத செய்தி

"பதவி: மொழி வல்லுநர். தெரிந்த மொழிகள்: ஏதுமில்லை." குறுக்கெழுத்துப் புதிரின் குறிப்புப் போலிருக்கும் இதை ஜோன் கிளார்க் அலுவலகப் படிவத்தில் எழுதினார். கணிதம் படித்தவர், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மன் கடற்படையின் சங்கேதங்களை உடைத்தவர். அந்த வேலையைச் செய்யும் பெண்ணுக்கு அரசு விதிகளில் பொருத்தமான பதவி இல்லை. சம்பளத்தை உயர்த்த வேறு வழியின்றி அவரை மொழி வல்லுநராக்கினார்கள். அங்கே பணியாற்றியவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

1942 ஜனவரியில் 'டெய்லி டெலிகிராஃப்' நாளிதழ், குறுக்கெழுத்தை 12 நிமிடங்களில் முடிக்கும் போட்டி ஒன்றை நடத்தியது. பங்கேற்றவர்களில் சிலருக்குப் பின்னர் ரகசிய வேலைக்கு அழைப்பு வந்தது. புதிரை விடுவிப்பவருக்குச் சங்கேதத்தில் என்ன வேலை?

ஜெர்மனியும் இத்தாலியும் செய்திகளைச் சங்கேதமாக்கப் பயன்படுத்திய எனிக்மா இயந்திரத்தில் ஒரு விசையை அழுத்தினால் மின்சாரம் சுழல் சக்கரங்கள் வழியாகச் சென்று, கடைசியில் உள்ள திருப்பும் தட்டில் பட்டு, வேறொரு பாதையில் திரும்பி, சங்கேத எழுத்தைக் காட்டும் ஒரு விளக்கை எரிக்கும். போன வழியிலேயே திரும்ப முடியாததால், எந்த எழுத்தும் சங்கேதத்தில் அதே எழுத்தாக வராது. உடைப்பவர்களுக்குக் கிடைத்த பிடி இதுதான்.

தமிழிலேயே பார்ப்போம். சங்கேதம்: க, ழை, ப, வ, த, ம், கு. இதற்குள் 'மழைவரும்' ஒளிந்திருக்கலாம் என்று ஊகிக்கிறோம். முதல் கட்டத்தில் தொடங்கினால் ழைக்கு நேராக ழை, தள்ளுபடி. இரண்டாவதில் தொடங்கினால் வவுக்கு நேராக வ, அதுவும் ஆகாது. மூன்றாவதில் தொடங்கினால் மோதல் இல்லை. அந்த இடம் மட்டும் மிஞ்சுகிறது. இப்படிப் பொருத்திய ஊகங்களை வைத்துத்தான் 'பாம்ப்' இயந்திரங்கள் சக்கரங்களின் அமைப்பைத் தேடின. அவற்றை இரவும் பகலும் இயக்கியவர்கள் பெண்கள் கடற்படையினர்.

பிளெட்ச்லி பார்க்கில் சேர்ந்த மேவிஸ் லீவர், ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவி. இத்தாலியக் கடற்படையின் நீண்ட செய்தி ஒன்றைப் பார்த்தவர், அதில் 'எல்' என்ற எழுத்து ஓரிடத்தில்கூட இல்லை என்பதைக் கவனித்தார். அவ்வளவு நீளத்தில் ஓர் எழுத்து தற்செயலாக விடுபடாது. அப்படியானால், அனுப்பியவர் 'எல்' விசையை மட்டுமே அழுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். வெறும் சோதனைச் செய்தி! ஒவ்வொரு கட்டத்துக்கும் மூல எழுத்து இன்னதென்று தெரிந்துவிட்டதால், புதிய சக்கரம் ஒன்றின் உள் இணைப்புகளை மேவிஸும் சகாக்களும் கண்டுபிடித்தார்கள்.