நான்கு மூலைகள், எட்டுக் கோடுகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்திருக்கிறது. ஸ்டூடியோக்காரர் எடுத்தவை, தம்பியின் செல்பேசியில் இருந்தவை, சித்தப்பா மகள் எடுத்த சதுரப் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து 6×4 அங்குலத்தில் அச்சிடக் கொடுத்தார்களாம். வந்து சேர்ந்த படங்களில், கலசநீர் ஊற்றும் காட்சியில் கலசத்தையே காணவில்லை. இன்னொன்றில் அப்பாவின் நெற்றிக்கு மேல் எதுவும் இல்லை. 'தலை வெட்டுப்பட்ட படம் வீட்டில் இருக்கக் கூடாது, அபசகுனம்' என்று அத்தை சொல்லிவிட, அம்மா அழுதுவிட்டார். 'யார் செய்த தவறு இது? நாங்களே அச்சிட்டு ஒழுங்காக வெட்டிக்கொள்ள வழி உண்டா?' என்று கேட்கிறார்.

அந்த அம்மாவுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கலசத்தைக் கொண்டுபோனது ஒன்பதில் ஒரு பங்கு. செல்பேசிப் படம் பெரும்பாலும் 4:3 விகிதம். 6 அங்குல அகலத்தை அது நிரப்ப வேண்டுமானால் உயரம் 4½ அங்குலம் ஆகும். தாளின் உயரமோ 4. மிஞ்சும் அரை அங்குலத்தை, அதாவது படத்தின் ஒன்பதில் ஒரு பங்கை, இயந்திரம் மேலும் கீழும் வெட்டிவிடுகிறது. தலைகள் படத்தின் மேற்பகுதியில்தான் இருக்கும் என்பது அதற்குத் தெரியாது. படம் எடுத்தால் ஆயுள் குறையும், மூன்று பேர் சேர்ந்து நின்றால் ஆகாது என்றெல்லாம் கேட்டு வளர்ந்தவன் நான். மகிழ்ச்சியான ஒரு நாளின் நினைவை வைத்தே ஒரு தாயை அழவைக்கும் நம்பிக்கையை நான் மதிக்க மாட்டேன்.

செல்பேசியின் 4:3, தாளின் 3:2 ஆகிய இரண்டு விகிதங்களும் ஒரே சுருளில் பிறந்தவை என்பது பலருக்குத் தெரியாது. 35 மி.மீ. சினிமாச் சுருளில் ஒரு சட்டகம் 24×18 மி.மீ., அதாவது 4:3. ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் அதே சுருளைக் கிடைமட்டமாக ஓடவிட்டு, சட்டகத்தை இரட்டிப்பாக்கி 36×24 மி.மீ. ஆக்கினார். அது 3:2. அந்த லைக்கா கேமரா 1925-இல் விற்பனைக்கு வந்தது. 6×4 தாளும் அதே 3:2 தான். அதனால்தான் ஸ்டூடியோ கேமராவின் படம் அந்தத் தாளில் சிந்தாமல் சிதறாமல் உட்காருகிறது. 1950 ஏப்ரலில் நான் வசிக்கும் இந்தப் புதுச்சேரிக்கு லைக்காவோடு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், தம் படங்களின் ஓரத்தைப் பிறர் வெட்டுவதை விரும்பாதவர். நம் குடும்பப் படங்களுக்கும் அந்த மரியாதை உண்டு என்பது என் கட்சி.

வெட்டாமல் பொருத்தினால் என்ன ஆகும்? 4:3 படம் 6×4 தாளில் 5⅓ அங்குல அகலத்துக்கு நிற்கும். இரு பக்கமும் வெள்ளைப் பட்டை. சதுரப் படத்துக்கு இரு பக்கமும் ஓர் அங்குலம் வெள்ளை. அந்த வெள்ளையை நேராக வெட்டி எடுக்கத்தான் அச்சகத்தார் 'கட்டிங் மார்க்' என்று சொல்லும் வெட்டுக்குறிகள். மூலைக்கு இரண்டாக, மொத்தம் எட்டு மெல்லிய கோடுகள்.

சிறுவயதில் முத்தியால்பேட்டையில் ஓர் அச்சகத்தில் ஒரு பெரியவர் கையால் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். இரும்பு ஸ்கேலைத் தாள்மேல் வைப்பார். தலையை அதற்கு நேர் மேலே கொண்டுவந்து ஒரு கண்ணை மூடுவார். விரல் நுனியால் ஸ்கேலைத் தட்டித் தட்டி நகர்த்துவார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. ஸ்கேலின் விளிம்பு தாளுக்குச் சற்று மேலே இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கோடு இடம் மாறித் தெரியும். அதற்காகத்தான் நேர் மேலிருந்து, ஒற்றைக் கண்ணால்.

அவர் படத்தின் ஓரத்தைப் பார்க்கவே இல்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பார்த்ததெல்லாம் இரண்டு குறிகளை. ஒன்று இந்தக் கோடியில், மற்றது அந்தக் கோடியில். இரண்டு புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டைத் தீர்மானிக்கும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் அவை எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதில்தான் சூட்சுமம். ஒரே மூலையில் உள்ள 5 மி.மீ. கோட்டை மட்டும் நம்பி ஸ்கேலை வைத்தால், அந்த 5 மி.மீ.க்குள் 0.2 மி.மீ. பிசகினாலும், 150 மி.மீ. தள்ளியுள்ள மறுகோடியில் பிசகு 6 மி.மீ. ஆகிவிடும். இரு கோடியிலும் குறி இருந்தால் பிசகு எங்கேயும் 0.2 மி.மீ.யைத் தாண்டாது.

இனி வருவதுதான் என்னை இந்த எட்டுக் கோடுகளின்மேல் பித்தாக்கிய விஷயம். ஸ்கேலும் குறியும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலையில் நம் கண் நம்ப முடியாத திறமைசாலி. கோண அளவில் ஒரு பாகை 60 கலை, ஒரு கலை 60 விகலை. அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய நல்ல கண்ணுக்குச் சுமார் ஒரு கலை இடைவெளி வேண்டும். 40 செ.மீ. தூரத்தில் அது 0.12 மி.மீ. விழித்திரையின் நடுப்பள்ளத்தில் ஒளியை உணரும் அடுத்தடுத்த கூம்பு செல்களுக்கு நடுவே உள்ள தூரமே ஏறக்குறைய 30 விகலை. ஆனால் ஒரு கோட்டின் இரு துண்டுகள் விலகி நிற்பதைக் கண் 10 விகலைக்கும் குறைவான அளவிலேயே கண்டுபிடித்துவிடுகிறது! மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை அது. ஒரு கூம்பு செல்லின் அகலத்தைவிடச் சிறிய நகர்வு.

எப்படி முடிகிறது? ஒரு மெல்லிய கோட்டின் பிம்பம் விழித்திரையில் கூர்மையாக விழுவதில்லை. சற்றே கலங்கி, அருகருகே உள்ள பல கூம்புகளின்மேல் பரவுகிறது. நான்கு பேர் தோளில் சுமக்கும் சாமிப் பல்லக்கை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உற்சவர் நான்கு விரற்கடை இடப்பக்கம் நகர்ந்துவிட்டால், எவர் தோளில் பாரம் கூடியது, எவர் தோளில் குறைந்தது என்பதை வைத்தே எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லிவிடலாம். இரண்டு தோள்களுக்கு இடைப்பட்ட தூரத்தோடு ஒப்பிட்டால் அந்த நகர்வு ஒன்றுமே இல்லை, ஆனாலும் தெரிந்துவிடும். மூளையும் அப்படித்தான் ஒவ்வொரு கூம்பிலும் விழும் ஒளியின் பாரத்தை ஒப்பிட்டுக் கோட்டின் நடுவைக் கணிக்கிறது. கலங்கல் இல்லாமல் ஒரே கூம்பில் மட்டும் ஒளி விழுந்தால், அந்தக் கூம்புக்குள் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிய வழியே இல்லை. கோட்டின் நீளம் முழுவதும் உள்ள கூம்புகளும் சேர்ந்து சாட்சி சொல்வதால் கணிப்பு மேலும் துல்லியமாகிறது.

ஆய்வகத்தில் மாணவர்கள் கையாளும் வெர்னியர் அளவியில் உள்ள நகரும் துணை அளவுகோலை 1631-இல் வெளியிட்ட பியர் வெர்னியர் நம்பியிருந்ததும் கண்ணின் இந்தத் திறனைத்தான். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு ஒன்றிப்போகிறது என்பதைத்தானே அதில் பார்க்கிறோம்! இதற்கு மிகைக்கூர்மை என்ற பொருளில் ஒரு பெயரை 1975-இல் சூட்டியவர் பார்வைத்திறன் ஆய்வாளர் ஜெரால்டு வெஸ்ட்ஹைமர். இதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய கருவிகள் வேண்டாம். ஒரு கணினித் திரையும் பொறுமையுள்ள மாணவர்களும் போதும். நம் ஊர்க் கல்லூரிகளில் இப்படிப்பட்ட சிறு ஆய்வுகளுக்குச் சில ஆயிரம் ரூபாயாவது தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆசிரியையின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். குறிகள் படத்தின் மூலையைத் தொடக் கூடாது. கத்தி இம்மியளவு விலகினாலும் படத்தில் கறுப்புத் துளி மிஞ்சிவிடும். 3 மி.மீ. தள்ளி நிறுத்துங்கள். தாளின் விளிம்புவரை படம் போனால் குறிக்கு இடமே இருக்காது. எனவே 6×4-ஐ மறந்துவிட்டு, 18×12 அங்குலத் தாளில் எல்லாவற்றையும் சேர்த்து அடுக்குவது நல்லது. விகிதம் எதுவானாலும் உயரத்தை மட்டும் ஒன்றாக, 3 அங்குலமாக வையுங்கள். 3:2 படத்தின் அகலம் 4½, 4:3 படம் 4, சதுரம் 3, செல்பேசியை நிமிர்த்தி எடுத்தது 2¼, கேமராவை நிமிர்த்தி எடுத்தது 2. கூட்டினால் 15¾. மிஞ்சும் 2¼ அங்குலத்தை ஆறு இடைவெளிகளாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் ⅜ அங்குலம். மூன்று வரிசை வைத்தாலும் வரிசைகளுக்கு நடுவே முக்கால் அங்குலம் கிடைக்கும். தனித்தனியாகக் குறி போட்டால் ஒரு வரிசைக்கு நாற்பது கோடுகள் வேண்டும். உயரம் ஒன்றாக இருப்பதால் கிடைமட்ட வெட்டுக்குத் தாளின் இரு கோடியிலும் சேர்த்து நான்கே போதும், மொத்தம் இருபத்துநான்கு. குறிகளுக்கு நடுவே தூரமும் கூடிவிடுகிறது.

அச்சிடும்போது 'ஓரமின்றி', 'தாளுக்குப் பொருத்து' என்ற இரண்டு வசதிகளையும் அணைத்துவிட வேண்டும். இரண்டுமே படத்தின் அளவைச் சொல்லாமல் மாற்றிவிடும்.

வெட்டும்போது ஓர் எச்சரிக்கை. இடப்பக்கத்தைத் தாளின் ஓரம்வரை ஒரேயடியாக வெட்டிவிட்டால், மேல் வெட்டுக்கும் கீழ் வெட்டுக்கும் தேவையான இடப்பக்கக் குறிகள் அந்தத் துண்டோடு போய்விடும். கத்தியைப் படத்தின் ஒரு மூலையில் ஊன்றி அடுத்த மூலையில் நிறுத்துங்கள். நான்காவது வெட்டு முடியும்வரை எல்லாக் குறிகளும் தாளிலேயே இருக்கும். படம் மட்டும் ஜன்னல் திறந்ததுபோலக் கழன்று கையில் வரும்.

தம்பியின் செல்பேசியில் அந்தக் கலசம் இன்னும் முழுதாகத்தான் இருக்கிறது. 4 அங்குல அகலம், 3 அங்குல உயரம், முதல் வரிசையில் இரண்டாவது இடம்.