திப்பி வைத்த மறுநாள்

ஆத்தூர் பக்கம் ஒரு கட்டுத்தரை. நான் போனபோது கலப்பினப் பசு தலையைத் தொங்கப் போட்டு நின்றது. தீனி எடுக்கவில்லை, அசை போடவில்லை. சாணி தண்ணீராக, புளித்த வாடையோடு கிடந்தது. "பால் ஏறும்னு சொன்னாங்க டாக்டர், நேத்து ரெண்டு கூடை திப்பி வெச்சேன்" என்றார் மாட்டை வளர்க்கும் அம்மா. மரவள்ளிக்கிழங்கை அரைத்து மாவெடுத்த பிறகு மிஞ்சும் சக்கைதான் திப்பி. அதுவரை சோளத்தட்டை மட்டுமே தின்று வந்த மாடு.

நம் சேலம் மாவட்டத்தில் ஜவ்வரிசி ஆலைத் திப்பி மலிவாகக் கிடைக்கிறது. அதை வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. ஆனால் காய்ந்த திப்பியில் பாதிக்கு மேல் மாவுச்சத்து, புரதம் மிகக் குறைவு.

நாம் வைக்கும் தீனியை முதலில் தின்பவை மாட்டின் பெருவயிற்றில், அதாவது வயிற்றின் முதல் பெரிய அறையில், வாழும் நுண்ணுயிர்கள். அங்குள்ள நீரில் ஒரு மில்லிக்குச் சுமார் 1000 கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். தட்டையும் புல்லையும் உடைத்துத் தருபவை அவைதான். அதில் உண்டாகும் அசிட்டிக் அமிலத்திலிருந்துதான் பாலின் கொழுப்பில் கணிசமான பங்கு வருகிறது. திடீரென்று மாவுச்சத்தைக் கொட்டினால் வேறு வகை பாக்டீரியாக்கள் பெருகி லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும். இட்லி மாவைப் புளிக்க வைக்கும் அதே அமிலம்! 6-க்கு மேல் இருக்க வேண்டிய பிஹெச் (அமில அளவைக் காட்டும் எண்; அமிலம் கூடினால் இது குறையும்) சரியும். நாரைச் செரிப்பவை செத்துவிடும். 5-க்கும் கீழே போனால் மாட்டின் உயிருக்கே ஆபத்து.

இதற்கு மாடே மருந்து வைத்திருக்கிறது. தட்டை நன்றாக மென்று அசை போட்டால் ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் ஊறும். அதிலுள்ள சோடா உப்பு அமிலத்தை முறிக்கும். திப்பியை மெல்ல வேண்டியதே இல்லை, அதனால் எச்சிலும் அதிகம் ஊறாது.

அதனால் காலையில் முதலில் சோளத்தட்டையோ வைக்கோலோ போடுங்கள், அப்புறம் திப்பி. புதிதாகத் தொடங்கினால் கைப்பிடியில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். புரதத்துக்குக் கூடவே புண்ணாக்கு சேர்த்துக் கொடுங்கள். பொங்கல் சோறு, கல்யாண வீட்டு மிச்சச் சோறு எல்லாமே திப்பி மாதிரிதான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எனக்கு வரும் அழைப்புகளில் பல இதற்குத்தான்.

அந்தப் பசுவின் வயிற்றில் நல்ல நுண்ணுயிர்கள் மறுபடி பெருகட்டும் என்று, நலமான மாட்டின் பெருவயிற்று நீரை எடுத்து ஊற்றினோம். நான்காம் நாள் அசை போட்டது. உங்கள் மாடு படுத்திருக்கும்போது எண்ணிப் பாருங்கள்: ஒரு கவளத்தை 50, 60 முறை மெல்ல வேண்டும். அது குறைந்தால் அன்றைக்கே திப்பியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.